பத்தாவது பாயிண்ட்

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு எழுத்து எதுவும் சொந்தமில்லை. வந்ததை வந்தபடி, ஓரம் சாயாமல் அச்சடித்துக் கொடுப்பதுதான் தொழில்.

எங்கள் ஊர் அரிமளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கடைக்கு எதிரே பள்ளிக்கூடம். ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், நெட் எல்லாம் உண்டு. நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுவேன். திரையைப் பார்த்தபடியே பதில் சொல்லிவிடுவேன். தாளை மட்டும் இரண்டு முறை எண்ணித்தான் கொடுப்பேன். உங்களில் சிலர் இதே போல் கடை வைத்திருப்பீர்கள். பலர் பிள்ளையின் சயின்ஸ் புராஜெக்ட்டுக்காக இப்படிப்பட்ட கடைகளில் கால் கடுக்க நின்றிருப்பீர்கள். உங்களுக்குப் பாதி சொன்னாலே மீதி புரியும். இங்கே நான் சொல்பவை எல்லாம் ஒரே ஒரு வரியைச் சுற்றி நடந்தவை. அந்த வரியை நம்பி ஒருவர் செத்துப் போனார். இன்னொருவர் போய்விடக் கூடாது என்று அவர் மகள் பட்ட பாடுதான் மீதிக் கதை.

கலரில் பொய் வராது

பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று அறிவித்த மறுநாளே கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். எரிமலை, இதயம், சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டோடு வருவார்கள். புராஜெக்ட் என்றால் பிள்ளைகள் செய்வது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. தலைப்பை வாத்தியார் கொடுப்பார், விஷயத்தை நெட் கொடுக்கும், படத்தை மெஷின் கொடுக்கும், பெயரை மட்டும் பிள்ளை கொடுக்கும். அண்ணன் எடுத்த எரிமலையையே மறு வருடம் தம்பி முதல் தாளை மாற்றி எடுத்துப் போவான். ஒரு வருடம் ஐந்து பிள்ளைகள் ஒரே இதயத்தைக் கொண்டு போய்க் கொடுத்தார்கள். ஐந்திலும் கடைசித் தாளின் அடியில் ஏதோ வடநாட்டுப் பள்ளியின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருநாள் நூறு நாள் வேலை முடிந்து மண் காலோடு ஒரு அம்மா வந்தார். அவர் மகன் பாடப் புத்தகத்தைப் பார்த்துத் தன் கையாலேயே சிறுநீரகம் வரைந்து, விளக்கமும் எழுதியிருந்தான். எழுத்து முத்து முத்தாக இருந்தது. நெட்டில் எடுத்துக் கலரில் கொண்டுவா என்று பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் எடுத்துக் கொடுத்தேன். தாள் சூடாக வெளியே வந்ததும் அந்த அம்மா விரலால் படத்தைத் தடவிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது, யார் எழுதியது என்றெல்லாம் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் அந்த நாளில் தோன்றியதில்லை. போகும்போது சொன்னார்:

"புள்ள கையில எழுதுனதுல தப்பு இருக்கலாமுங்க. இம்புட்டு கலரா வர்றதுல பொய்யி இருக்குமா?"

ஒன்பது போதாது

கருப்பையா என்பவர் ஊரில் ஒருவருடைய வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தவர். அவர் மகள் அழகுமீனா அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குக் கிடைத்த தலைப்பு பாம்புக்கடி முதலுதவி. எடுத்துக் கொடுங்கள் தாத்தா என்று கேட்காமல் தானே உட்கார்ந்து தேடிய பிள்ளை என் கடையில் அவள் ஒருத்திதான். டாக்டர்கள் எழுதிய இங்கிலீஷ் பக்கம் ஒன்றைப் பிடித்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதினாள். கயிற்றால் கட்டாதே, கத்தியால் கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, கடிபட்டவரை நடக்க விடாதே என்று ஒவ்வொன்றும் காரணத்தோடு நீளமாக இருந்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது வந்தது.

அவர்களுடைய அறிவியல் வாத்தியாரிடம் ஒரு சட்டம் உண்டு. சார்ட் என்றால் பத்து பாயிண்ட் இருக்க வேண்டும். பாயிண்ட்டுக்கு ஒரு மார்க். ஒன்பதோடு போனால் ஒன்று போய்விடும். பின்னால் நான்கைந்து பேர் எழுந்திரு எழுந்திரு என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் தமிழிலேயே தேடினாள். உடனே ஒன்று கிடைத்தது: 'கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் இல்லையென்றால் அது விஷமில்லாத பாம்பு. பயம் வேண்டாம்.' சின்ன வரி. தமிழிலேயே இருந்தது. எழுதியவர் பெயர் மட்டும் இல்லை. அதை எடுத்துப் பத்தாவதாக வைத்தாள். பெரிய தாளில் அடித்து, லேமினேஷன் போட்டு எடுத்துப் போனாள். மறுநாள் வேறு வேலையாகக் கடைக்கு வந்த வாத்தியார் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

"மொதல்ல ஒன்பதுதான் இருந்துச்சாம், அப்படியே வந்திருந்தா ஒரு மார்க்கு போயிருக்குமுங்க. இப்பப் பாருங்க, பத்தும் நெறைஞ்சு அம்சமா இருக்கு."

பலகையில் இடம்

சார்ட்டுக்கு முதல் பரிசு. சார்ட் பள்ளியிலேயே தங்கிவிட்டதால் கருப்பையா வந்து வீட்டுக்கு ஒரு பிரதி கேட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மடங்கிவிடாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

பரிசு கொடுக்க வந்தவர் ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர். பிறந்தநாளுக்கு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்குச் சார்ட் பிடித்துப் போயிற்று. பேருந்து நிழற்குடைக்குப் பக்கத்தில் இரும்புக் கால் நட்டு, தகரத்தில் ஒட்டி, நிரந்தரமாக ஒரு பொதுநலப் பலகை வைப்பது என்று முடிவு செய்தார்கள். அவருடைய வேலைகளைப் பார்க்கும் முருகேசன் சார்ட்டை ஏற்றிக்கொண்டு போகப் பென்டிரைவோடு என் கடைக்கு வந்தார். பலகையில் தலைவர்களின் முகம், அவருடைய முகம், வாழ்த்துவோர் பெயர்கள் எல்லாம் போக அடியில் ஒரு பட்டைதான் மிச்சம். பத்து பாயிண்ட்டுக்கு இடமில்லை. முருகேசன் என் கடையில் நின்றபடியே டிசைன் போடுபவருக்குப் போன் செய்து, நீளமானதை எல்லாம் தூக்கிவிட்டு சின்னதாக இருப்பவற்றை மட்டும் போடச் சொன்னார். டாக்டர்கள் எழுதியவைதான் நீளமானவை. தப்பித்த நான்கு வரிகளில் அந்தப் பத்தாவதும் இருந்தது. கொஞ்சம் முகத்தைச் சிறிதாக்கினால் எல்லாம் அடங்குமே என்று நான் திரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"அண்ணன் மொகத்துல கை வைக்கக் கூடாதுங்க. பாம்பு தரையில போறதுதானே, கீழ கெடக்கட்டும்."

மோட்டார் கொட்டகை

மார்கழி மாதம் கருப்பையாவின் மைத்துனர் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தார். போட்டோவை நான் நேராக்கிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

விடியற்காலையில் மும்முனை மின்சாரம் வந்ததும் கருப்பையா மோட்டார் போடப் போயிருக்கிறார். கொட்டகையில் கிடந்த சாக்கைத் தூக்கும்போது விரலில் ஏதோ சுருக்கென்றது. சாக்குக்கு அடியிலிருந்து ஒன்று நழுவிப் போனதையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லி அழுதார். விரலில் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. கருப்பையா மகளைக் கூப்பிட்டுச் சுவரில் இருந்த தாளைப் படிக்கச் சொன்னார். அவள் பத்தையும் படித்தாள். கடைசி வரியைக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே, பரிசு வாங்கின தாளே சொல்லிவிட்டது என்று டீ போடச் சொல்லிவிட்டுப் படுத்தார்.

வெயில் ஏறியதும் வயிற்றை வலித்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு சேரவில்லை என்று சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு கண் இமை தூக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். பேச்சுக் குழறிய பிறகுதான் வண்டிக்குச் சொன்னார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாய் வைத்துச் சில நாள் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. கடித்தது கட்டுவிரியன், அது கடித்தால் பெரும்பாலும் வீங்காது என்று அங்கேதான் தெரிந்திருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்த்த அன்று நர்ஸ் ஒருவர் எல்லோரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டாராம். அழகுமீனா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாளாம்.

"வீங்குற வரைக்கும் காத்திருங்கன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

நன்றி சொன்னவர்

காரியம் முடிந்து பள்ளிக்கூடம் வர ஆரம்பித்ததும் அவள் கடைக்கு வந்தாள். யூனிபார்மில் வந்து அதே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். என்ன வேண்டும் என்று கேட்காமல் நெட்டைப் போட்டுக் கொடுத்தேன். முதலில் டாக்டர்களுடைய பக்கத்தைத் திறந்து திரும்ப முழுதும் படித்தாள். அதில் மூன்றாவதாக, அறிகுறிகள் பாம்புக்குப் பாம்பு மாறும் என்று இருந்தது. அவளே தமிழாக்கியது. அப்போது அது ஒரு மார்க்குக்கான வரியாக மட்டும் தெரிந்ததாம். இங்கிலீஷில் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. நீளமாகிறதே என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். அந்த இரண்டு வரியில்தான் கட்டுவிரியனைப் பற்றி இருந்தது.

பிறகு அந்த இன்னொரு பக்கத்தைத் தேடினாள். அது அங்கேயேதான் இருந்தது. தவறு என்று எழுதி அனுப்ப முகவரி தேடினாள். கிடைக்கவில்லை. பக்கத்துக்கு அடியில் கருத்து எழுதும் இடத்தில் எழுதிப் பார்த்தாள். அனுமதிக்குக் காத்திருக்கிறது என்று வந்தது. கடைசிவரை அப்படியேதான் இருந்தது. அவள் அழவில்லை. திரையில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள்.

"கீழ ஒருத்தரு 'பயனுள்ள தகவல், நன்றி'ன்னு போட்டிருக்காரு தாத்தா. அவரு இப்ப இருக்காரான்னு யாருகிட்டக் கேக்குறது?"

யார் இறக்குவது

அவளுக்கு அப்புறம் ஒரே கவலைதான். அறுவடை தொடங்கப் போகிறது. வைக்கோல் அள்ளவும் கட்டுத் தூக்கவும் ஊரே வயலில் இறங்கும். நிழற்குடைப் பலகையில் அந்த வரி நின்றுகொண்டிருக்கிறது.

பள்ளியில் சிக்கல் இல்லை. அவள் போய்ச் சொன்னதும் வாத்தியார் எழுந்து போய்ச் சார்ட்டைக் கழற்றினார். லேமினேஷன் போட்டதைக் கிழிக்க முடியாது. கத்திரிக்கோல் கேட்டு வாங்கி, துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டாராம். அதன் பிறகு அவர் யாரிடமும் பத்து பாயிண்ட் கேட்பதில்லை. கடைக்கு வந்தால் என்னைப் போலவே அவரும் திரையைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

பலகைக்குத்தான் வழி இல்லை. ஊராட்சி அலுவலகத்தில், நாங்கள் வைத்ததில்லை, வைத்தவர்கள் இறக்கட்டும் என்றார்கள். கிராம நர்சம்மா அவளோடு வந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தார். சரி, எழுதிக் கொடுங்கள், கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள். கூட்டம் நடக்கவில்லை. அவள் தினமும் காலையில் பள்ளி மணி அடிக்கும் முன்பு நிழற்குடையில் நின்று, பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் கடைசி வரியை நம்பாதீர்கள் என்று சொன்னாள். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை ஏதோ பேசுகிறது என்று சிலர் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். நாங்கள் எப்போது அதைப் படித்தோம் என்று சிலர் சிரித்தார்கள். கடைசியில் மாமனைக் கூட்டிக்கொண்டு முருகேசன் வீட்டுக்கே போனாள். பிறந்தநாளுக்கு வைத்த பலகை, இறக்கினால் ஆகாது என்றார். இறக்க வேண்டாம், அந்த வரியை மட்டும் சுரண்டிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் வைத்ததில் தப்பு என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்றாராம். கதவைச் சாத்தும் முன் சொன்னது:

"கடிச்சது பாம்பு. அதுக்கு எங்க அண்ணன் எதுக்கும்மா தலைகுனியணும்?"

முகம் மூடுகிறவர்கள்

தேர்தல் அறிவித்தார்கள். நடத்தை விதி வந்துவிட்டது என்று ஒரு ஆட்டோவில் தேர்தல் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர் பழுப்புத் தாள் சுருளும் பசை வாளியுமாக வந்தார்கள். ஊரில் இருந்த கல்வெட்டு, கொடிமேடை, தொட்டி எல்லாவற்றிலும் பெயரையும் முகத்தையும் மூடிக்கொண்டே நிழற்குடைக்கு வந்தார்கள். பலகையில் இருந்த முகங்களையும் பெயர்களையும் அளந்து, தாள் வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்டினார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அழகுமீனா ஓடிப்போய் அந்தக் கடைசி வரியையும் சேர்த்து மூடச் சொன்னாள். விஷயத்தையும் சொன்னாள். அவர்களில் மூத்தவர் பொறுமையாகக் கேட்டார். பாவம்தான் என்றார். அடியில் இருந்த நான்கு வரியையும் குனிந்து படித்தும் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டார். முகம் எல்லாம் மறைந்து, பலகையில் அந்த நான்கு வரி மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"எழுத்துல கட்சி இருந்தா நாங்களே மூடுவோம்மா. இதுல பாம்புதானே இருக்கு, அதுக்கு எங்களுக்கு ஆர்டர் இல்ல."

ஒட்டியது யார்

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தாள். பலகைக்கு முன்னால் குத்தவைத்து அந்த வரியின் நீளத்தையும் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து வந்திருந்தாள். வாசகத்தை நர்சம்மாவிடம் காட்டிச் சரி பார்த்தும் வைத்திருந்தாள். கடையில் இருந்த பழுப்புத் தாளில் நான் ஒரு நூல் அதிகமாக விட்டு, பழைய எழுத்து எட்டிப் பார்க்காதபடி அடித்துக் கொடுத்தேன். இப்படி இருந்தது: 'வீங்காவிட்டாலும், வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டுவிரியன் கடித்தால் வீங்காமலே உயிர் போகும். வீங்கவில்லை என்று காத்திருந்து இறந்தவர் இவ்வூர் கருப்பையா.'

அவளும் அவள் அம்மாவும் மைதா காய்ச்சி எடுத்துப் போய்ப் பட்டப்பகலில் ஒட்டினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். மாலையில் முருகேசன் ஆட்களோடு வந்து பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஒருவன் தாளின் மூலையைச் சுரண்டக் கை நீட்டினான். முருகேசன் அவன் கையைத் தட்டிவிட்டதாகப் பக்கத்து டீக்கடைக்காரர் வந்து சொன்னார்.

"தொடாதடா. தேர்தல் ஆபீஸ்ல ஒட்டுனது, கிழிச்சா கேஸு."

மங்களமான வாசகம்

வாக்கு எண்ணி முடிந்ததும் தாள்கள் எல்லாம் உரிக்கப்பட்டன. முகங்கள் வெளியே வந்தன. அடியில் ஒட்டியது மட்டும் உரியவில்லை. மைதாவை அவ்வளவு கெட்டியாகக் காய்ச்சியிருந்தார்கள். அதற்குள் கடலைக் காட்டில் வேலை செய்த ஒருவரைப் பாம்பு தீண்டி, வீக்கம் பார்க்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி நடந்து வந்தார். அவர்கள் பலகையைப் படித்தவர்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

போன வாரம் முருகேசன் பென்டிரைவோடு வந்தார். அண்ணனுக்கு அந்த வாசகம் பிடித்துவிட்டதாம். இந்தப் பிறந்தநாளுக்குச் சுற்றியுள்ள எல்லா ஊரிலும் பலகை வைக்கப் போகிறார்களாம். ஒரே ஒரு திருத்தம்: பிறந்தநாள் பலகையில் செத்தவர் பெயர் மங்களமாக இல்லை, அதை எடுத்துவிட வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த அழகுமீனா ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். முருகேசன் அப்போதுதான் அவளைப் பார்த்தார். சங்கடப்பட்டு, மன்னிச்சுக்க தாயி என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் தாள்களை வாங்கி ஓரம் தட்டி அடுக்கினாள். அப்பாவின் பெயர் இருந்த வரியைத் திரையில் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்கப்பா பேரை எடுத்துக்கங்க சித்தப்பா. எடம் பத்தலைன்னு மத்ததுல ஒரு வார்த்தையக் கொறைச்சீங்கன்னா, ஊர் ஊரா வாளியத் தூக்கிக்கிட்டு வாரேன்."

எங்கள் தொழிலில் ஒரு தப்பை அச்சடிக்க ஒரு நிமிடம் போதும். அதைத் திரும்ப மூடுவதற்குத்தான் ஒரு சாவும் ஒரு தேர்தலும் வேண்டியிருக்கிறது.